ஹெல்சிங்கி – தாலின் கப்பல் பயணம்: ஓர் இரவாவது தங்கிப் பாருங்கள்

பின்லாந்திலோ சுவீடனிலோ பிள்ளைகளையும் சகோதரங்களையும் வைத்திருக்கும் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கு, விசா கிடைத்து, அங்கே போய்ச் சேர்ந்து, விருந்துகளும் ஓய்ந்த பிறகு, எஸ்தோனியாவின் தலைநகரான தாலினுக்குக் கப்பலில் ஒரு தடவை போய்வரலாமே என்ற யோசனை எப்படியும் வந்துவிடும். ஹெல்சிங்கியிலிருந்து தாலினுக்குப் பின்லாந்து வளைகுடாவின் குறுக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர்தான். வேகமான கப்பல்கள் அதை இரண்டு மணித்தியாலத்திலும் மற்றவை இரண்டரை மணித்தியாலத்தை ஒட்டியும் கடந்துவிடும். ஹெல்சிங்கிக்குப் பக்கத்து நகரான எஸ்போவில் வசிக்கும் தமக்கையின் குடும்பத்தோடும் அம்மாவோடும் அப்படிப் போய்வந்ததை வைத்து, கப்பல் எப்படி, ஊர் எப்படி, செலவுக்குத் தகுமா என்பவற்றை இங்கே எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கப்பலுக்கு நல்ல மதிப்பெண், ஊருக்கு அதைவிட நல்ல மதிப்பெண், ஆனால் இரண்டையும் ஒரே பகலுக்குள் அடக்கி விற்கப்படும் ‘காலையில் போய் மாலையில் திரும்பும்’ சீட்டை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

இந்தக் கடற்பாதையில் தாலிங்க், வைக்கிங் லைன், எக்கெரோ லைன் ஆகிய மூன்று நிறுவனங்கள் கப்பல் விடுகின்றன. கட்டணம் நாளுக்கு நாள், நேரத்துக்கு நேரம் மாறும். வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் கூடும், வார நடுவில் இறங்கும். ஆகவே முன்கூட்டியே இணையத்தில் பார்த்து எடுப்பதே புத்தி. பின்லாந்தும் எஸ்தோனியாவும் ஷெங்கன் வலயத்துக்குள் இருப்பதால், ஷெங்கன் விசாவோடு வந்தவர்கள் வேறு விசா எடுக்கத் தேவையில்லை. வழமையான குடிவரவுச் சோதனை இல்லை என்பதற்காகக் கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது; இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் அதைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். துறைமுக வாயிலைக் கப்பல் புறப்படுவதற்கு முன்னரே மூடிவிடுவார்கள், அதில் தயவு தாட்சண்யம் கிடையாது. வயதானவர்களோடு போகிறவர்கள் ஒரு மணித்தியாலம் முன்னதாகவே போய்விடுவது நல்லது, ஏனெனில் வாயிலிலிருந்து கப்பலின் கதவு வரையுள்ள மூடிய நடைபாலம் பார்ப்பதற்குத் தெரிவதைவிட நீளமானது.

கப்பலைப் பற்றி எங்களவர்களுக்கு விளக்குவது சுலபம். மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையே வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஆளும், சைக்கிளும், மோட்டார் சைக்கிளும், அரிசி மூட்டையும் ஒரே தளத்தில் நெருக்கியடித்து நிற்போமே, அதே ஏற்பாடுதான் இங்கும். வாகனங்களுக்கு அடித்தட்டுகள், ஆட்களுக்கு மேல்தட்டுகள் என்று பிரித்துவிட்டிருக்கிறார்கள். அளவுதான் வேறு. இந்த வழியில் ஓடும் மெகாஸ்டார், மைஸ்டார் என்ற இரண்டு கப்பல்களும் தலைக்கு 212 மீற்றர் நீளம். ஒவ்வொன்றிலும் 2,800 பேர் வரை ஏறலாம். முன்னது 2017இல் பின்லாந்தின் தூர்க்கு நகரக் கப்பற்கட்டுத் தளத்திலும், பின்னது 2022இல் ரவுமா நகரிலும் கட்டி முடிக்கப்பட்டவை. இரண்டும் திரவ இயற்கை வாயுவில் ஓடக்கூடியவை. இவ்வளவு பெரிய உடம்பு கரையை விட்டு விலகும்போது ஒரு குலுக்கலும் தெரிவதில்லை. யன்னலுக்கு வெளியே கட்டடங்கள் பின்னால் போய்க்கொண்டிருக்கையில், அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, “இன்னும் வெளிக்கிடல்லையா மனே?” என்று கேட்டார்.

உள்ளே ஒரு குறை. சாதாரணச் சீட்டுக்கு இருக்கை இலக்கம் கிடையாது. முன்னால் ஏறியவர்கள் யன்னலோர மேசைகளைப் பிடித்துக்கொள்ள, பின்னால் வருகிறவர்கள் தேநீர் வாங்கினால்தான் உட்காரலாம் என்ற நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள். நாங்கள் போன கப்பலில் தேநீர் என்று தந்தது வெந்நீரும் ஒரு பொட்டலமும்தான், விலையோ வாயைத் திறக்க வைத்தது. குளிருக்கு ஏதாவது சூடாகக் குடிக்க வேண்டுமென்றால் வீட்டிலேயே போத்தலில் ஊற்றிக்கொண்டு போவது எவ்வளவோ மேல். முன்பதிவில் கொஞ்சம் கூடுதலாகக் கட்டினால் கிடைக்கும் தனி ஓய்விடம், முதியவர்களோ கைக்குழந்தையோ உள்ள குடும்பத்துக்கு வீண்செலவாகாது என்பது என் கணிப்பு. கப்பற்கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை: அது வரியற்ற கடை அல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான வரியற்ற விற்பனை 1999இல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே உள்ள ஓலன்ட் தீவுகளைத் தொட்டுப் போவதால், தாலினிலிருந்து ஸ்டொக்ஹோமுக்குப் போகும் இரவுக் கப்பல்களில் அந்தச் சலுகை இருக்கிறது. ஆகவே மலிவென்று நம்பி வாசனைத் திரவியத்தை அள்ளிப் போடாதீர்கள். பின்லாந்துக்காரர் இந்தக் கப்பலில் ஏறுவதற்குக் காரணம் வேறு: மதுவுக்கான வரி எஸ்தோனியாவில் குறைவு. திரும்பும் பயணத்தில் ஓய்வூதிய வயதுத் தம்பதிகள், மடிக்கும் சிறு தள்ளுவண்டிகளில் பியர்ப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி, இறப்பர்க் கயிற்றால் கட்டி, ஒருவர் இழுக்க மற்றவர் பின்னால் தாங்கிப்பிடித்துக்கொண்டு நடைபாலத்தில் போகும் காட்சியைத் தவறவிடாதீர்கள்.

மேல்தட்டுக்கு ஏறாமல் உள்ளேயே இருந்துவிட்டால் பாதிக் காசு வீண். கல்லடியிலோ பாசிக்குடாவிலோ மூக்கில் ஏறும் கடல் வாடை இங்கே இல்லவே இல்லை. பெரிய ஆறுகள் பல வந்து கலப்பதாலும், சமுத்திரத்தோடு இணையும் வாய் டென்மார்க் அருகே மிகவும் ஒடுங்கியிருப்பதாலும், பால்டிக் கடல் ஏறக்குறைய நன்னீருக்குக் கிட்டியது. சமுத்திர நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்றால், பின்லாந்து வளைகுடாவில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வற்றுப் பெருக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். உப்புக் குறைந்த நீர் சுலபமாக உறையும் என்பதால், கடுங்குளிர் காலத்தில் இதே கப்பல்கள் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இந்த உப்பின்மைதான் தாலினைப் பணக்கார ஊராக்கியது. ஆனையிறவிலும் புத்தளத்திலும் வெயிலே உப்பை விளைவித்துத் தந்துவிடும். இங்கே கடலிலும் உப்பில்லை, வெயிலுக்கும் வலுவில்லை. குளிர்காலத்துக்கு மீனையும் இறைச்சியையும் பதனிட வேண்டிய உப்பை, ஜெர்மனி, பிரான்ஸ், போர்த்துக்கல் பக்கமிருந்து கப்பலில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. திரும்பும் கப்பல்களில் றை தானியமும், மெழுகும், ரஷ்யக் காடுகளின் விலங்குத் தோல்களும் ஏறின. அந்தக் காலத்தில் றேவால் என்று அழைக்கப்பட்ட இந்த ஊர் 1285இல் வட ஐரோப்பிய வணிக நகரங்களின் கூட்டணியான ஹன்சாவில் சேர்ந்தது. பழைய நகரின் வணிகர் வீடுகளை அண்ணாந்து பார்த்தால், கூரை முகட்டுக்குச் சற்றுக் கீழே தெருப்பக்கமாக ஓர் உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும்; கப்பி மாட்டி மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றிய உத்தரம் அது. வணிகர் கீழே குடியிருக்க, சரக்கு தலைக்கு மேலே இருந்தது.

ஆகவே இந்த ஊரைக் கடல் வழியாகவே முதன்முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது வெறும் இரசனைக்காக அல்ல. வலப்புறம் நைஸ்ஸார் தீவும் இடப்புறம் ஏக்னா தீவும் விலகியதும், முதலில் ஒரு மெல்லிய கூர்முனை தெரியும். அது புனித ஒலாவ் தேவாலயத்தின் கூம்பு, இன்றைய உயரம் ஏறக்குறைய 124 மீற்றர். கப்பல்காரருக்கு வழிகாட்டும் அடையாளமாகவும் பயன்பட்ட அந்த உயரமே அதற்கு வினையாகவும் முடிந்தது. பல தடவை இடி விழுந்து, மூன்று தடவை எரிந்திருக்கிறது. சோவியத் காலத்தில் அதே கூம்பில்தான் உளவுத்துறையான கேஜிபி தன் வானொலிக் கருவிகளைப் பொருத்தியிருந்தது. பிறகு பழைய நகரின் மேட்டுப்பகுதியான தூம்பியா குன்றும், அதன்மேல் 1900இல் கட்டி முடிக்கப்பட்ட ரஷ்ய மரபுப் பேராலயத்தின் கருத்த குமிழ்களும், மதிலின் சிவப்புத் தொப்பிக் கோபுரங்களும் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். விமானத்தில் வந்திறங்கி வாடகைக் காரில் போகிறவருக்கு இந்த வரிசை கிடைக்காது. கடைசி அரை மணித்தியாலம் காற்று முகத்தில் அறையும், அதற்காக உள்ளே ஓடிவிடாதீர்கள்.

2004 மார்கழிக்குப் பிறகு கடல்மேல் இன்னும் ஐமிச்சம் உள்ளவர்கள் எங்கள் கரையோரத்தில் உண்டு. அவர்களுக்காக இதையும் எழுத வேண்டியிருக்கிறது. 1994 செப்ரெம்பர் 28ஆம் திகதி அதிகாலையில், தாலினிலிருந்து ஸ்டொக்ஹோமுக்குப் புறப்பட்ட ‘எஸ்தோனியா’ என்ற கப்பல் புயற்கடலில் முன்கதவு மூடி கழன்று மூழ்கியதில் 852 பேர் இறந்தார்கள், 137 பேர் மட்டும் தப்பினார்கள். அதன் பின்னர் இத்தகைய கப்பல்களின் கட்டமைப்புக்கும் முன்கதவுகளுக்கும் விதிகள் இறுக்கப்பட்டன. துறைமுகத்திலிருந்து பழைய நகருக்கு ஏறும் வழியில், பருத்த மார்கரெட் என்று பெயர் வைத்திருக்கும் தடித்த வட்டக் கோபுரத்தின் அருகே, அந்த விபத்துக்கான நினைவுச்சின்னம் இருக்கிறது: பாலம்போல எழுந்து நடுவில் முறிந்து நிற்கும் ஓர் இரும்பு வளைவு. அம்மா அங்கே வெகுநேரம் நின்றார். அந்தக் கோபுரத்துக்குள் இப்போது கடல்சார் அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவு இயங்குகிறது.

துறைமுகத்திலிருந்து பழைய நகரின் வாயிலுக்கு நடந்தே போகலாம், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வழியில் கடலோரமாகப் படிப்படியாகப் பரந்து கிடக்கும், புல்முளைத்த கொங்கிறீற்று மலைபோன்ற கட்டடம் லின்னஹால். 1980 மொஸ்கோ ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் தாலினில் நடந்தபோது அதையொட்டிக் கட்டப்பட்டது, இப்போது பாழடைந்திருக்கிறது. பழைய நகருக்குள் தெருவெல்லாம் உருளைக்கல் பாவியது. பாட்டா செருப்போடு வந்தவர்கள் ஒரு மணித்தியாலத்துக்குள் வருந்துவார்கள். சக்கரப் பெட்டியை இழுப்பதும் சக்கர நாற்காலியைத் தள்ளுவதும் பெரும்பாடு. முழங்கால் வருத்தம் உள்ளவர்களைத் தூம்பியா குன்றுக்குக் காரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டு, கீழ்நோக்கி நடத்திக் கூட்டிவருவது நல்லது.

1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த இந்தப் பழைய நகரில், ஏறக்குறைய இரண்டு கிலோமீற்றர் மதிலும் இருபதளவு கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன. 1219இல் டேனியர், 1346இல் ஜெர்மானியச் சிலுவைப்போர் வீரத் துறவிகள், 1561இல் சுவீடன்காரர், 1710இல் ரஷ்யர் என்று ஆட்சி கைமாறிய கதையைக் கேட்கையில், போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி 1638இல் ஒல்லாந்தர் பறித்த புளியந்தீவுக் கோட்டையைத் தினமும் கடந்து போகிற எங்களுக்கு அதில் புதுமை ஒன்றும் தோன்றுவதில்லை. புதுமை, இவ்வளவு கைமாறியும் மனிதர் தொடர்ந்து குடியிருந்து, தெருவின் வளைவுகூட மாறாமல் காத்ததில்தான். 1404இல் கட்டி முடிக்கப்பட்ட நகரமண்டபத்தின் உச்சியில், 1530 முதல் ‘முதிய தோமஸ்’ என்ற காற்றுத்திசை காட்டும் வீரன் நிற்கிறான். அதே சதுக்கத்தின் மூலையிலுள்ள மருந்துக்கடை 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இடம்பெற்றது, இன்றும் மருந்து விற்கிறது. தலையிடிக்கு ஒரு மாத்திரை வாங்கவாவது உள்ளே போய் வரலாம்.

பகற்பயணச் சீட்டில் என் கோபம் இங்கேதான். முற்பகலில் கப்பல்கள் கொட்டிவிட்ட கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் இந்தச் சதுக்கத்துக்கும் கோத்துஒட்சா காட்சிமேடைக்கும் ஏறுகிறது. கோடையில் உல்லாசக் கப்பல்களும் சேர்ந்துவிட்டால் ஒழுங்கையில் ஒருவரையொருவர் ஒதுக்கித்தான் நடக்க வேண்டும். மாலைக் கப்பலைப் பிடிக்க வேண்டுமென்ற அவசரத்தில் எல்லோரும் இறங்கிப் போன பிறகுதான் ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது. ஜூன் மாதத்தில் இரவு பத்தரை தாண்டியும் வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை. பட்குலி காட்சிமேடையில் அந்த நேரத்தில் நின்றால், மதிலின் கூரைகளுக்கும் ஒலாவ் கூம்புக்கும் பின்னால் துறைமுகமும், நாம் வந்த கடலும் ஒரே பார்வையில் அகப்படும். அந்த வெளிச்சம் தாலினில் தங்கியவருக்கு மட்டுமே கிடைக்கும்.

சாப்பாட்டில் எச்சரிக்கை வேண்டும். நகரமண்டபச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களுள் ஒன்றில், இடைக்கால உடையணிந்த பணியாளர் நயமாகப் பேசி உட்காரவைத்தார். ஆறிப்போன சூப்பும், கருகிய ஓரத்தோடு ஒரு துண்டு மீனும் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. விலைச்சீட்டில் நாங்கள் கேட்காத ரொட்டிக்கும் காசு போட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, மதிலுக்கு வெளியே ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் பால்டி யாமா சந்தைக்குப் போங்கள். கீழ்த்தளத்தில் புகையிட்ட மீனும், கறுத்த றை ரொட்டியும், ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காயும் நிறுத்து விற்பார்கள். ரொட்டியின் மேல் வெண்ணெய் தடவி, பதனிட்ட கிலு என்ற சின்ன மீனை அடுக்கி, அவித்த முட்டைத் துண்டு வைத்துத் தருவது அந்த நாட்டு மக்களின் அன்றாடச் சாப்பாடு. சூடைக் கருவாட்டுக்குப் பழகிய நாக்குக்கு அந்த மீன் உடனே பிடித்துவிடும், ரொட்டியின் புளிப்புக்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும். வாற்கோதுமை, றை, ஓட்ஸ், பட்டாணி ஆகியவற்றை வறுத்து அரைத்த காமா என்ற மாவை மோரில் கரைத்துக் குடிக்கிறார்கள். சைவ உணவுக்காரருக்கு நல்ல பசியாற்றி. காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கத்து வாசகர்களுக்கு: ஹலால் இறைச்சியைத் தேடி அலைவதைவிட மீனோடும் மரக்கறியோடும் சமாளிப்பது சுலபம், எல்லாவற்றிலும் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். எல்லா இடத்திலும் வங்கி அட்டை செல்லும். 2011 முதல் யூரோவே நாணயம் என்பதால் காசு மாற்றும் தொல்லையும் இல்லை.

இரண்டாம் நாள் கையிலிருந்தால், அதை நான் கடல்விமானத் துறைமுக அருங்காட்சியகத்துக்கே கொடுப்பேன். ரஷ்யப் பேரரசின் கடற்படைக்காக 1916, 1917 காலத்தில் கட்டிய விமானக் கொட்டகை அது. நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், முட்டையோடுபோல மெல்லிய கொங்கிறீற்றாலான மூன்று குவிமாடங்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கட்டடத் தொழிலோடு தொடர்புள்ள எவரும் முதல் பத்து நிமிடம் காட்சிப்பொருட்களைப் பார்க்கமாட்டார், கூரையைத்தான் பார்ப்பார். என் அத்தான் அப்படியே நின்றுவிட்டார். நடுவில், தொங்குவது போல் வைக்கப்பட்டிருப்பது லெம்பித் என்ற நீர்மூழ்கிக் கப்பல். எஸ்தோனியா தன் கடலைக் காக்கவென்று பொதுமக்களிடமும் நிதி திரட்டி, இங்கிலாந்தின் பாரோ நகரில் கட்டுவித்து, 1936இல் நீரில் இறக்கியது. அதன் வயிற்றுக்குள் இறங்கி நடக்க விடுகிறார்கள். குனிந்து நுழையும் வட்டக் கதவுகள், தலைக்குமேல் தொங்கும் சக்கர வால்வுகள், டோர்ப்பிடோக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே மாலுமிகளின் ஒடுங்கிய படுக்கைகள், எல்லாவற்றிலும் இன்னும் எண்ணெய் மணம். வெளியே கரையோரத்தில் 1914ஆம் ஆண்டின் நீராவிப் பனியுடைக் கப்பலான சூர் தொல் கட்டப்பட்டிருக்கிறது. அதன் இயந்திர அறைக்குள்ளும் போகலாம். 2012இல் திறந்த இந்த இடத்துக்கு நுழைவுச்சீட்டு மலிவில்லை, கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கிறது. பகற்பயணக்காரர் பெரும்பாலும் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

விரு ஹோட்டலின் கேஜிபி அருங்காட்சியகத்துக்கு முன்பதிவு தேவை. 22 மாடிதான் என்று சொல்லப்பட்ட அந்த ஹோட்டலின் 23ஆவது மாடியில் ஒட்டுக்கேட்கும் அறை இருந்தது. கதை சுவையானது, பார்ப்பதற்குள்ளது கொஞ்சம்தான். இலட்சக்கணக்கானோர் கூடிப் பாடியே சோவியத் ஆட்சிக்கு எதிர்ப்புக் காட்டிய பாடல் விழா மைதானம் நகருக்குச் சற்று வெளியே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. மேடையின் பெரிய வளைவைத் தவிர அங்கே காண ஒன்றும் இல்லை என்றாலும், 1988இன் அந்தக் கூட்டங்களைப் பற்றிப் படித்துவிட்டுப் போனால் அந்த வெறும் புல்வெளியும் பேசும். மறு ஆண்டு ஓகஸ்ட் 23இல் தாலினிலிருந்து லத்வியாவின் ரீகா வழியாக லித்துவேனியாவின் வில்னியஸ் வரை 600 கிலோமீற்றருக்கு மேல் மக்கள் கைகோத்து நின்றார்கள், 1991 ஓகஸ்ட் 20இல் எஸ்தோனியாவின் சுதந்திரம் மீண்டது. கத்ரியோர்க் மாளிகைத் தோட்டம் அழகு, நேரம் இருந்தால் போகலாம்.

மே முதல் செப்ரெம்பர் வரை போவது எங்கள் உடம்புக்கு ஏற்றது. மார்கழியில் நகரமண்டபச் சதுக்கத்தில் நத்தார்ச் சந்தை போடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்த மாதத்தில் பகல் வெளிச்சம் ஆறு மணித்தியாலத்தைச் சுற்றித்தான் இருக்கும், கப்பலின் மேல்தட்டில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. தங்குவதற்கு மதிலுக்குள் அறை எடுக்க வேண்டியதில்லை. துறைமுகத்துக்கும் பழைய நகருக்கும் இடையே உள்ள ஹோட்டல்கள் மலிவு, பெட்டியை உருளைக்கல்லில் இழுக்கும் வேலையும் மிச்சம். திரும்பும் சீட்டை மறுநாள் பிற்பகலுக்கு எடுங்கள், ஞாயிறு மாலையை மட்டும் தவிருங்கள். பியர்த் தள்ளுவண்டிகளோடு மல்லுக்கட்டி மின்தூக்கியில் ஏற அம்மாக்களால் முடியாது.